எங்க பேரில் ஒரு மெஸ் இல்லை

கரிசக்காட்டில் ஒரு ஆள் எந்தக் கடையில், எந்தப் பாத்திரத்தில், நின்றா உட்கார்ந்தா டீ குடிக்கிறான் என்று சொல்லுங்கள். அவன் எந்தத் தெருக்காரன் என்று நான் சொல்லிவிடுவேன். சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ருசியில் ஆரம்பிக்கிறார்கள். எந்தக் கடை சால்னா உறைப்பு, எங்கே காப்பி திக்கு, எங்கே சேவு மொறுமொறுப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்கு ருசி ரெண்டாவது கேள்வி. 'உட்கார விடுவானா?' என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தாண்டிய பிறகுதான் நாக்குக்கு வேலை வரும்.

நாற்பது வருசத்துக்கு மேலாகக் கோவில்பட்டிக் கடைகளில் சாப்பிட்டு வருகிறேன். டீக்கடை, கிளப்புக் கடை, பாய் கடை, பரோட்டாக் கடை, இப்போது வந்திருக்கிற கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக் கடை வரைக்கும் எல்லாவற்றிலும் நுழைந்து பார்த்தாயிற்று. இந்த ஊர்க் கடைகளைப் பற்றி எழுத எனக்கும் உரிமை உண்டு. ஆனால் நான் எழுதினால் அது வேறே கணக்காகத்தான் வரும்.

*

நான் பிறந்தது கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். மானாவாரி பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் கடன். நாங்கள் அருந்ததியர். ஊர் எங்களைச் சொல்லுகிற பேர் வேறே. எங்க தாத்தாவும் அய்யாவும் கமலைக்கு வால் தைத்தார்கள், சம்சாரிகளுக்குச் செருப்பு தைத்தார்கள், செத்த மாட்டைத் தூக்கினார்கள். கூலி தானியமாக வரும். இல்லையென்றால் கஞ்சியாக வரும். கஞ்சி என்றால் சட்டியில் வைத்து நீட்டுகிற கஞ்சி இல்லை. ரெண்டு கையையும் குவித்து ஏந்தினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். விரல் இடுக்கில் ஒழுகுவது போக மிச்சம்தான் வயிற்றுக்கு.

ஊருக்கு ஒரே டீக்கடை, பஸ் நிற்கிற இடத்தில். 1970-களில் சின்னப் பையனாக நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். உள்ளே ரெண்டு பெஞ்சு. அது ஊர்க்காரர்களுக்கு. வெளியே கூரை எறவானத்தில் சிரட்டைகள் செருகியிருக்கும். எங்க ஆட்கள் சிரட்டையை உருவி, தாங்களே கழுவி, தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கடைக்காரர் தன் பாத்திரம் சிரட்டையில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். காசைப் பலகையில் வைக்க வேண்டும். அதில் தண்ணி தெளித்துவிட்டுத்தான் எடுப்பார். ரோட்டோரம் குத்தவைத்துக் குடித்துவிட்டு, சிரட்டையைக் கழுவிப் பழையபடி செருகிவிட்டுப் போக வேண்டும். மழை பெய்தால் நனைந்துகொண்டே குடிக்க வேண்டும். பின்னால் சிரட்டை போய்க் கிளாஸ் வந்தது. அதுவும் தனியாக ஆணியில் தொங்கியது. தவறிக்கூட மாறிவிடக் கூடாது என்று அடியில் பெயிண்ட் அடையாளம் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் சட்டம் இல்லாத காலத்தில் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு. தீண்டாமையை ஒழித்தாயிற்று என்கிறது 17-வது பிரிவு. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-ல் அதைத் திருத்திக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். உணவு விடுதிக்குள் நுழைவதைத் தடுப்பது குற்றம் என்று சொன்னதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. அங்கே பொதுவில் வைத்திருக்கிற பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று தனியாகச் சொல்கிறது. தீண்டாமை கிளாசுக்குள்தான் குடியிருக்கிறது என்று டெல்லியில் சட்டம் எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சட்டம் வந்து இருபது வருசம் கழித்தும் எங்க ஊர் டீக்கடையில் ஆணி இருந்தது.

*

கோவில்பட்டி வழியாக ரயில் ஓட ஆரம்பித்தது 1876-ல். அதற்குப் பிறகு பருத்தி வியாபாரம், லட்சுமி மில், லாயல் மில், தீப்பெட்டி ஆபீஸ்கள் எல்லாம் வந்தன. தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்க பக்கம் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். கூலிச் சனம் கூடுகிற இடத்தில் சாப்பாட்டுக் கடை வந்துதானே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் அதற்குக் கிளப்புக் கடை என்று பேர். ஐயர் கிளப்பு, பிள்ளைமார் சைவக் கிளப்பு, கறி போடுகிற மிலிட்டரி கிளப்பு என்று சாதிக்கும் இலைக்கும் ஏற்ற மாதிரி கடை.

எங்க அய்யா தோலும் சாமானும் வாங்க டவுனுக்கு வருவார். வெளுத்த வேட்டியும் சட்டையும் அவருக்கு டவுனுக்கு மட்டும்தான். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் சட்டையை மாட்டுவார். "டவுன்ல நம்ம மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு?" என்பார். இருந்தாலும் கிளப்புக்குள் நேரே நுழைந்துவிட மாட்டார். எதிர்த்தாற்போல் நின்று வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பார். அவர் தைத்த செருப்பு அதில் ஒரு சோடி கிடந்தால் போதும். எங்க ஊர் மொதலாளி யாரோ உள்ளே சாப்பிடுகிறார் என்று அர்த்தம். அய்யா அடுத்த கடைக்கு நடப்பார். அங்கேயும் கிடந்தால், கட்டிக்கொண்டு வந்த கஞ்சியோடு மரத்தடிக்குப் போய்விடுவார். தன் கைவேலையை இப்படி ஒரு எச்சரிக்கைப் பலகையாகப் படிக்க வேண்டியிருந்த மனுசன் அவர்.

என்னை முதல்முதலாகக் கிளப்புக்குக் கூட்டிப்போனபோது வாசலிலேயே சொல்லிவிட்டார்: "உள்ள போயி வாயத் தொறக்கப்படாது. தப்பித்தவறிக்கூடத் தெலுங்கு பேசிராத." எங்க வீட்டில் பேசுவது தெலுங்கு. நாயக்கமாரும் ரெட்டியாரும் பேசுவதும் தெலுங்குதான். ஆனால் அவர்கள் தெலுங்கு வேறே, எங்க தெலுங்கு வேறே. ரெண்டு வார்த்தை காதில் விழுந்தால் எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு இட்லி தின்னப் போனோம். இட்லி நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு இட்லி வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் எந்த மொழியில் வாயில் வருமோ என்ற பயம்.

ஓட்டல் வாசலில் நடந்த போராட்டங்கள் தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. சுயமரியாதைக்காரர்கள் விடாமல் எதிர்த்து, 1941-ல் அது எடுக்கப்பட்டது. 1957-ல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் நடத்தினார். பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மாதக்கணக்கில் நடந்து, நூற்றுக்கணக்கானவர்கள் கைதாகி, கடைசியில் அந்தப் பெயர் போனது. இதை நாம் மறக்கக் கூடாது. அந்தப் பலகை இறங்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பலகைக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் போராட்டக்காரர்களும் அதிகம் பேசவில்லை.

பலகைக்குப் பின்னால் எச்சில் இலை இருந்தது. எங்க சின்னையா முனிசிபாலிட்டியில் தோட்டி வேலை பார்த்தார். எந்த ஓட்டலில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று முதலாளிக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். குப்பைத் தொட்டியில் இலை சொல்லிவிடும். எந்தக் கடையில் கல்யாண ஆர்டர், எந்தக் கடையில் நேற்றைய சாம்பார், எல்லாம் அவர் கணக்கில் உண்டு. ஓட்டல்களின் முன்பக்கத்தை மற்றவர்கள் பார்த்தார்கள். எங்களுக்குப் பின்பக்கம்தான் பழக்கம். சாக்கடை அடைத்தாலும் கக்கூஸ் நிறைந்தாலும் பின்வாசல் வழியாகக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் பார்சலாக நாலு இட்லி கட்டிக் கொடுத்து, அதே பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள்.

*

அப்படியானால் கேள்வி கேட்காமல் உட்கார வைத்த கடை எதுவுமே இல்லையா? இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாய் கடையில் யாரும் எங்களைக் கேட்டதில்லை. சிமெண்டுத் தரை, ஒட்டுகிற மேசை, ஒரே மாதிரி எவர்சில்வர் தம்ளர். ராவுத்தர் கல்லாவில் இருந்தபடி "வாங்க, உக்காருங்க" என்பார். 'வாங்க' என்ற சொல்லை எங்க அய்யாவிடம் கடைக்காரர் ஒருவர் சொல்லி நான் முதலில் கேட்டது அங்கேதான். எங்க ஊரில் பத்து வயசுப் பையன் கூட அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவான். கறிச்சோறு அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அய்யா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது ராத்திரி பரோட்டாக் கடை. மில் ஷிப்டு விட்டு வருகிறவன், லாரி ஓட்டுகிறவன், தீப்பெட்டி லோடு ஏற்றுகிறவன் எல்லாரும் அங்கே ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். மாஸ்டர் மாவை வீசி அடிக்கிற வேகத்தில், சப்ளையர் சால்னா வாளியோடு ஓடுகிற ஓட்டத்தில், யார் எந்தச் சாதி என்று விசாரிக்க நேரம் இருக்காது. இருட்டும் பசியும் அவசரமும் சேர்ந்து எங்களுக்கு ஒரு இடம் கொடுத்தன. பரோட்டா உடம்புக்குக் கெடுதல் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். கரிசல்காட்டில் பல தெருக்காரர்கள் தோள் இடிக்க ஒன்றாய் உட்கார்ந்து தின்ற முதல் பண்டங்களில் அது ஒன்று. எனக்கு அதன் மேல் ஒரு நன்றி உண்டு.

பெண்களுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். ராத்திரி பரோட்டாக் கடையில் அவள் போய் உட்கார முடியுமா? அவளுடைய ஓட்டல் ஆபீஸ் வேப்பமரத்தடிதான். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து வட்டமாக உட்காருவார்கள். வட்டம் ஒன்று இல்லை. தெருவுக்கு ஒரு வட்டம். சில நாள் பக்கத்து வட்டத்திலிருந்து வெஞ்சனம் வரும். "இந்தாங்க, கத்திரிக்கா" என்று அம்மா சட்டியில் வைப்பார்கள். அவள் திருப்பி ஒரு அகப்பை நீட்டினால் மட்டும், "வேணாம்மா, வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். அவர்களிடமிருந்து எங்களுக்கு வரும். எங்களிடமிருந்து அவர்களுக்குப் போகாது. இந்த விசயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்ல வந்தது முழுக்க இதுதான்.

*

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்தது. தலித் மக்களின் வீடுகளுக்குள் புகுந்து சாமான்களை உடைத்தார்கள். குடிக்கிற தண்ணிக் கிணற்றையும் பாழாக்கினார்கள். கோவில்பட்டியிலிருந்து அது ஒன்றும் தூரம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்த நாட்களில் டீக்கடை பெஞ்சு ஒரு எல்லைக்கோடு ஆனது. எந்தக் கடையில் யார் நிற்கலாம் என்பது உயிர்ப் பிரச்சினை. தெற்கே பல காலனிகளில் சொந்த டீக்கடை வந்தது அந்த வருசங்களில்தான். எங்க ஊரிலும் வந்தது. நாலு கம்பு, ஒரு கீத்து, பழைய பாய்லர், எங்க ஆட்களே அறுத்துப் போட்ட ஒரு பெஞ்சு. ஆணி இல்லாத கடை. கிழவர்கள் சும்மா வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். டீ கூட வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கு மேல்படியில் வைக்கப்பட்ட தலித் மக்கள் தெருவில் போட்ட கடைகள் சிலவற்றில் எங்களுக்கு மட்டும் கிளாஸ் தனியாக வந்தது. ஆதிக்க சாதிக்காரன் தனிக் கிளாஸ் கொடுத்தால் கோபம் வருகிறது. தோழர் என்று கூப்பிடுகிறவன் கொடுத்தால் வாயே வருவதில்லை. தலித் என்ற ஒரே சொல்லுக்குள்ளும் ரெண்டு கிளாஸ் இருந்தது. இதை எழுதினால் ஒற்றுமை கெடும் என்று சிலர் சொல்வார்கள். ஒற்றுமையைக் கெடுப்பது கிளாஸ், எழுத்து இல்லை.

*

இன்றைக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து மெயின் ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். பித்தளை டபராவில் டிகிரி காப்பி கொடுக்கிற கடை, ஷவர்மா சுற்றுகிற கடை, கேரளாக்காரர் டீக்கடை, கேக்கோடு டீயும் விற்கிற பேக்கரி, வரிசையாகக் கடலைமிட்டாய்க் கடை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் கடலையையும் வெல்லப்பாகையும் சேர்த்துச் செய்த பண்டம் உலகத்துக்குத் தெரிந்ததில் எனக்கும் சந்தோசம்தான். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும் குதிரைவாலிப் பொங்கலும் கம்பங்கூழும் விலைப் பட்டியலில் ஏறிவிட்டன. ஒரு சொம்புக் கூழுக்குக் கேட்கிற விலையைக் கேட்டு அம்மா சிரித்தாள். "இதத்தான அவங்க நம்ம கையில ஊத்துனாங்க" என்றாள்.

இந்தக் கடைகளில் என்னை யாரும் எழுப்பிவிடுவதில்லை. என் மகன் செருப்புகளைப் பார்த்துவிட்டு உள்ளே போவதில்லை. இது சின்ன விசயம் இல்லை. மூணு தலைமுறை பட்ட பாடு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே எங்களுக்கு இடம் கொடுப்பது மனசு மாறிய ஊர் இல்லை. முகம் தெரியாத ஊர். டவுனை விட்டுப் பத்து மைல் உள்ளே போனால் முகம் தெரிந்துவிடும். அங்கே இப்போது காகிதக் கப்பு வந்திருக்கிறது. தெரிந்த ஊர்க்காரருக்குக் கண்ணாடிக் கிளாஸ், எங்களைக் கண்டால் கப்பு. கேட்டால், "சுத்தமா இருக்குமேன்னுதான்" என்று பதில். தனிக் கிளாசுக்காவது ஒரு ஆணி அடையாளம் இருந்தது. கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டால் சாட்சியே இல்லை. சிரட்டையும் முழுசாகப் போய்விடவில்லை. 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில், வயல் வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குச் சிரட்டையில் டீ கொடுத்ததற்காக ரெண்டு பெண்கள் கைதானார்கள். எங்களுக்குப் பக்கத்தில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில், மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனிமேல் உங்களுக்குத் தர முடியாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அந்த வீடியோ பரவியதும் அவர் கைதானார். கடைக்குச் சீல் வைத்தார்கள். கையில் காசோடு நின்ற அந்தப் பிள்ளைகளின் முகத்தை நாடே பார்த்தது.

*

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

தெற்கத்தி ஊர்களில் சாப்பாட்டுக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். ஐயர் மெஸ் இருக்கிறது. நாடார் மெஸ், தேவர் மெஸ், கோனார் மெஸ், செட்டியார் மெஸ் எல்லாம் இருக்கின்றன. சாதிப் பேர் போட்டால் கூட்டம் வருகிறது. அந்தப் பேரே கைப்பக்குவத்துக்குச் சான்று என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு ஒரு சாதியின் பேரைப் பலகையிலிருந்து இறக்கினோம். இப்போது எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். எங்க பேரில் ஒரு மெஸ்ஸை மட்டும் நான் இன்றுவரை பார்க்கவில்லை. சமைக்கத் தெரியாதா எங்களுக்கு? குடலும் ரத்தமும் கருவாடும் வைத்து, ஒன்றுமில்லாததில் ஒரு குழம்பு கூட்டுகிற கைப்பக்குவம் யாருக்கு உண்டு? இருந்தும் எங்க பேரைப் பலகையில் எழுதினால் அடுத்த நாள் உலை வைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோ ஊரில், 1960 பிப்ரவரி 1 அன்று நாலு கறுப்பின மாணவர்கள் ஊல்வொர்த் கடைக்குப் போனார்கள். கடையில் சாமான் வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பிறகு அதே கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கிடையாது என்றார்கள். நாலு பேரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் அதிகம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலை 25 அன்று அந்த மேசை எல்லாருக்கும் திறந்தபோது, முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பினத்தவர்கள். அங்கே வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்கள் சமைத்ததைத் தின்றார்கள். சமைத்தவர்கள் உட்காரத்தான் இடம் கொடுக்கவில்லை. இங்கே நேர்மாறு. இப்போது உட்கார இடம் கொடுக்கிறார்கள். நாங்கள் சமைத்ததைத் தின்ன மாட்டார்கள். நிறவெறியும் சாதியும் பிரிகிற இடம் அடுப்படிதான்.

அரசாங்க அடுப்பிலேயே இது நடக்கிறது. 2018-ல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக்கு அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தை மறித்தார்கள். எங்க மாவட்டத்திலேயே, பாரதி பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டியில், 2023 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. பெற்றோர் விடவில்லை. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டது நல்லதுதான். ஒரு மனுசி ஆக்கிய உப்புமாவைத் தின்பதற்கு எம்.பி.யும் அமைச்சரும் வந்து காட்ட வேண்டியிருந்தது என்பதுதான் செய்தி. அவர்கள் தினமும் வர முடியாது. உப்புமா தினமும் வேக வேண்டும்.

ஆபீஸ் வேப்பமரத்தடியில் அம்மா நீட்டிய அகப்பை அந்தரத்தில் நின்றதே, அது இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. வாடிக்கையாளராக எங்க காசு எந்தக் கல்லாவிலும் விழும். கல்லாவுக்குப் பின்னால் எங்களை வைத்துப் பார்க்க இன்னும் மனசு வரவில்லை.

*

எங்க அண்ணன் முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்துச் செத்துப்போனார். மதினி மகளிர் குழுக் கடன் வாங்கி டவுனில் ஒரு வாடகைத் திண்ணையில் இட்லிக் கடை போட்டார். பலகையில் ஒரு அம்மன் பேர். ஆட்டோக்காரர்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், காலேஜ் பையன்கள் எல்லாரும் வந்தார்கள். காலையில் இருநூறு இட்லி போகும். "சட்னி அருமைக்கா" என்று சொல்லாதவர் இல்லை. மதினி யாரிடமும் சொந்த ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டார். போனில் தெலுங்கு பேச வேண்டியிருந்தால் உள்ளே போய்விடுவார். அய்யா காலத்து ஏற்பாடு அப்படியே இருந்தது.

மூணு வருசம் கழித்து எங்க ஊர் ஆள் ஒருவர் அந்த வழியாகப் போனார். பார்த்தார், பேசாமல் போய்விட்டார். அந்த வாரமே ஒரு காதுகுத்துக்குச் சொல்லியிருந்த ஐந்நூறு இட்லி ஆர்டர் வேண்டாமென்று தாக்கல் வந்தது. வழக்கமாக வருகிறவர்கள் ரெண்டு மூணு பேர் ரோட்டின் அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

மகன் சொன்னான், "தெரிஞ்சதுதான் தெரிஞ்சுபோச்சே, அம்பேத்கர் படத்த மாட்டிருவோம்மா." வீட்டில் பெரிய பேச்சு. சொந்தக்காரர்கள் பயந்தார்கள். "வட்டியக் கட்டவா, படத்த மாட்டவா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி ஒன்றும் லேசானது இல்லை. வெளியே நின்று கொள்கை பேசுகிறவர்கள் அந்தக் கடனைக் கட்டப் போவதில்லை. மதினி ரெண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூணாம் நாள் விடியக்காலை மாவுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "கொண்டா, நானே மாட்டுறேன்" என்றார். கல்லாவுக்கு நேர்மேலே மாட்டினார்.

இருநூறு இட்லி நூற்றிருபதாக இறங்கியது. ஒரு மாதம் வட்டிக்கே திண்டாட்டம். ஒரு ஆட்டோக்காரர், ஆதிக்க சாதிக்காரர்தான், முதல் நாள் படத்தைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், "அக்கா, வழக்கம் போல நாலு" என்று உட்கார்ந்தார். இன்றைக்கும் வருகிறார். காலேஜ் பையன்கள் நின்றுகொண்டார்கள். அது போக ஒரு புதுக் கூட்டம் வந்தது. ராத்திரி முழுக்கத் தெருக் கூட்டிவிட்டு விடியற்காலை திரும்புகிற துப்புரவுத் தொழிலாளிகள். அவர்கள் டவுனில் எத்தனையோ வருசமாக இருக்கிறவர்கள்தான். வேலைச் சட்டையோடு, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, வெளிச்சத்தில், ரோட்டைப் பார்க்க பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சத்தமாகத் தெலுங்கு பேசுகிறார்கள். மதினியும் பதில் சொல்கிறார், கரண்டியை ஆட்டிக்கொண்டே, தெலுங்கில்.

இப்போது நூற்றைம்பது வரை போகிறது. இருநூறு எப்போது வரும் என்று தெரியாது. மதினி கணக்கில் அந்த ஐம்பது இட்லி நஷ்டம் நஷ்டம்தான். அதைத் தியாகம், அது இது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. "எனக்கு யாவாரம் வேணும்" என்கிறார். சரியான பேச்சு. கோவில்பட்டிக்கு வருகிற தோழர்கள் கேட்டால் நான் வழி சொல்கிறேன். ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்கப்புறம் சட்னி இருக்காது. காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும்.